முகத்தின் நிறம் மாறாமல்: யாழ்ப்பாண வெளிச்சத்துக்கு வீடியோ கமராவை அமைக்கும் முறை

என் அம்மம்மா பேசுகிற வீடியோ ஒன்றே ஒன்றுதான் எங்களிடம் இருக்கிறது. ஒரு சாமத்தியவீட்டில், முற்றத்தில் கட்டிய நீலத் தறப்பாளின் கீழே கதிரையில் இருந்தபடி பேத்திக்கு இரண்டு நிமிடம் புத்தி சொல்கிறார். எடுத்தவன் நான். எல்லாவற்றையும் கமராவே தீர்மானிக்கும் ஓட்டோ முறையில் விட்டு எடுத்தேன். பின்னால் வெயிலில் எரிந்துகொண்டிருந்த வெள்ளை மதிலுக்கு ஏற்றபடி கமரா படத்தை இருட்டாக்கிவிட்டது. தறப்பாளின் நீலம் அவர் முகத்தில் சாம்பலாகப் படிந்துவிட்டது. மாநிறத்தில் மினுங்கிய அந்த முகம் வீடியோவில் நோயில் கிடந்தவரின் முகம்போல இருக்கிறது. கணினியில் எத்தனையோ தடவை திருத்திப் பார்த்தேன். பதிவில் இல்லாத நிறத்தை எந்த மென்பொருளாலும் வரவழைக்க முடியவில்லை.

அதன் பிறகு கமராவைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது முகத்தைத்தான். யாருடைய முகம், அதில் விழும் ஒளி எங்கிருந்து வருகிறது, அந்த ஒளியின் நிறம் என்ன? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால் எந்த எண்ணை எங்கே வைப்பது என்பது தானாக வந்துவிடும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒழுங்கில்தான் இருக்கின்றன.

வீட்டிலேயே ஒருமுறை செய்ய வேண்டியவை

மெனுவில் பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்ற இரண்டு வீடியோ முறைகளில் பால் தெரிவாகி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இலங்கையின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் குழல் விளக்குகளும் மலிவான எல்ஈடி விளக்குகளும் ஒரு வினாடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. கண்ணுக்கு இது தெரியாது, கமராவுக்குத் தெரியும். வினாடிக்கு 25 ஃபிரேம் (படம்) என்ற வேகத்தில், ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் ஒளியை வாங்கும் நேரத்தை, 1/50 வினாடியில் வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு முழுத் துடிப்புகளை வாங்கிக்கொள்கிறது; படம் துடிக்காது. மெதுவியக்கத்துக்காக 50 ஃபிரேமில் எடுத்தால் ஷட்டர் 1/100. அதுவும் நம் மின்சாரத்துக்குப் பொருந்தும்.

டொரொன்டோவிலிருந்து கலியாணத்துக்கு வரும் உறவினரின் கமரா பெரும்பாலும் 30 ஃபிரேம், 1/60 ஷட்டர் என்றுதான் இருக்கும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அது சரி. இங்கே மண்டபத்துக்குள் அதே அமைப்பில் எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊரும். லண்டன், பாரிஸ், சிட்னியிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை; அங்கும் 50 ஹெர்ட்ஸ்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். முறையை மாற்றும்போது சில கமராக்கள் மெமரி கார்டை அழித்து மீண்டும் தயார்செய்யச் சொல்லும். கார்டில் உள்ளதை முதலில் பிரதி எடுத்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும்.

அடுத்தது சீப்ரா. குறித்த ஓர் ஒளியளவைத் தொடும் இடங்களில் திரையில் வரிக்குதிரைக் கோடுகள் ஓடும் வசதி இது. பல கமராக்களில் இரண்டு அளவுகளை வைக்கலாம். ஒன்றை 100 சதவீதத்தில் வையுங்கள். அந்தக் கோடு வந்த இடத்தில் விவரம் அழிந்துவிட்டது என்று பொருள். மற்றதை முகத்துக்கு வையுங்கள். முகத்துக்கு 70 என்ற எண் பலருக்கு மனப்பாடம். அது வெளிர்நிறத் தோலை வைத்துச் சொன்ன அளவு. நம் மாநிற முகத்தின் நெற்றியும் கன்னமும் 50 முதல் 60 வரை இருந்தால் தோல் தோலாகத் தெரியும். நல்ல கறுப்பு முகம் என்றால் 40 முதல் 50 போதும். இவை சாதாரணப் பட அமைப்புக்கு உரியவை, பிறகு நிறம் திருத்துவதற்காகப் படத்தை மங்கலாகப் பதியும் லாக் முறைக்குப் பொருந்தாது.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எல்லா முகங்களையும் 70 க்கு ஏற்றி, பிறகு கணினியிலும் வெளுப்பாக்கி, மணமகளை அவளுடைய தாய்க்கே அடையாளம் தெரியாதபடி கொடுப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. வெளுத்தால்தான் அழகு என்ற எண்ணத்துக்குக் கமராவும் துணைபோக வேண்டியதில்லை. கறுப்புத் தோலின் அழகு அதன் மினுக்கத்தில் இருக்கிறது. கன்ன எலும்பில் விழும் சிறு ஒளி, கழுத்தின் நிழல், நெற்றியின் வளைவு எல்லாம் ஒளியைக் கூட்டக் கூட்ட ஒன்றாகிச் சப்பையாகிவிடும்.

லாக் முறையைப் பற்றியும் ஒரு சொல். வானத்தையும் நிழலையும் ஒரே படத்தில் காப்பாற்ற அது உதவும். ஆனால் நிறத்திருத்தம் செய்ய நேரமும் பழக்கமும் வேண்டும். எட்டு பிட் பதிவில் எடுத்துக் கணினியில் இழுத்தால் வானம் படிக்கட்டுப்போலப் பட்டை பட்டையாக உடையும். ஒரு கிழமையில் வீடியோவைக் கொடுக்க வேண்டிய குடும்ப நிகழ்ச்சிக்கு, மாறுபாட்டைச் சற்றுக் குறைத்த சாதாரண அமைப்பே போதும் என்பது என் முடிவு.

இடத்துக்குப் போனதும் கை போகவேண்டிய ஒழுங்கு

முகம் எங்கே இருக்கப் போகிறதோ அந்த இடத்தில் முதலில் நீங்களே போய் நில்லுங்கள். உங்கள் உள்ளங்கையை முகத்தின் உயரத்தில் பிடித்துத் திருப்பினால் ஒளி எந்தப் பக்கம் கூடுகிறது, எந்த நிறத்தில் விழுகிறது என்பது தெரியும். பிறகு ஷட்டரை 1/50 இல் நிறுத்துங்கள், இனி அதைத் தொடவேண்டாம். அப்பேச்சரை (லென்ஸின் துவாரம்; எஃப் எண் கூடினால் துவாரம் சிறிது) தெரிவுசெய்யுங்கள். ஒருவர் மட்டும் என்றால் எஃப்2.8 அல்லது எஃப்4. குடும்பமாக நின்றால் எஃப்5.6. அதற்குப் பிறகும் ஒளி கூடினால் என்டி வடிகட்டி (லென்ஸின் முன் மாட்டும் கறுப்புக் கண்ணாடி), குறைந்தால் ஐஎஸ்ஓ (கமராவின் ஒளியுணர்வு). கடைசியாக வைட் பாலன்ஸ், அதாவது இந்த ஒளியில் வெள்ளை எது என்று கமராவுக்குச் சொல்லும் அமைப்பு. முகத்தில் சீப்ரா எங்கே வருகிறது என்று பார்த்து, எல்லாவற்றையும் மனுவலில், கமரா தானாக மாற்றாதபடி, பூட்டிவிடுங்கள்.

கைபேசியில் எடுப்பவர்களும் பூட்டலாம். ஐபோனில் முகத்தின்மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் குவியமும் ஒளியும் பூட்டிக்கொள்ளும், பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலும் கீழும் இழுத்து ஒளியைத் திருத்தலாம். அன்ட்ரொயிட் கைபேசிகள் பலவற்றில் புரோ என்ற முறை இருக்கிறது.

உச்சி வெயில்

யாழ்ப்பாணம் ஏறக்குறைய 9.7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஆகவே ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். இரண்டாவது காலம் பெரும்பாலும் நல்லூர்த் திருவிழாவோடு சேர்ந்து வந்துவிடும். 25 நாள் மஹோற்சவத்தில் 24 ஆம் நாள் தேர். கோவிலின் உள்ளே கமரா எடுக்கக் கூடாது; வெளிவீதியில் நிற்பவர்களுக்கே இந்தக் குறிப்பு.

வெயில் தலைக்கு மேலே ஏறியதும் கண்குழிகள் இரண்டும் கறுத்துவிடும், மூக்கு உதட்டின்மேல் நிழல் போடும். எந்த எண்ணை மாற்றினாலும் இது போகாது. போகவேண்டியது நீங்கள்தான். வெள்ளை மணல் கீழிருந்து ஒளியைத் திருப்பி அனுப்பும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். வீதியோர நிழலின் விளிம்பும் நல்லது. முகம் நிழலில் இருக்க, எதிரே வெயில் விழும் மணல் அந்த முகத்துக்கு விளக்காகிவிடும். தேரோட்டத்தைக் காலையிலேயே, சூரியன் சாய்ந்திருக்கும்போது, பக்கவாட்டு ஒளி முகத்தில் விழும் திசையில் நின்று எடுத்துவிடுவது இன்னும் நல்லது.

இனிக் கணக்கு. தெளிந்த வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100 என்றால் எஃப்16 என்பது புகைப்படக்காரர்களின் பழைய விதி. நம் ஷட்டர் 1/50 என்பதால் ஒளி இரட்டிப்பாகிறது. எஃப்22 வரை மூடவேண்டும். அவ்வளவு சிறிய துவாரத்தில் ஒளி விளிம்பில் வளைந்து படத்தின் கூர்மை மங்கும். எஃப்4 இல் எடுக்க விரும்பினால் 22 இலிருந்து 16, 11, 8, 5.6, 4 என்று ஐந்து படி திறக்கிறோம். ஒவ்வொரு படியும் ஒளியை இரட்டிக்கும். ஆகவே 32 மடங்கு ஒளியைத் தடுக்கும் என்டி32 வேண்டும். லாக் முறையில் அடிப்படை ஐஎஸ்ஓ (கமரா மிகச் சுத்தமாகப் பதியும் எண்) 800 என்றால் இன்னும் மூன்று படி, என்டி256. வடிகட்டி இல்லாதவர்கள் ஷட்டரை 1/1000, 1/2000 என்று ஏற்றுவார்கள். ஒளி சரியாகிவிடும், ஆனால் காவடி ஆடுகிறவரின் அசைவு வெட்டி வெட்டி வரும்.

சுழற்றிக் கூட்டிக் குறைக்கும் என்டி வாங்குகிறவர்கள் அதைக் கடைசி எல்லைவரை சுழற்றக் கூடாது. அகன்ற லென்ஸில் வானத்தின் நடுவே கறுப்புப் பெருக்கல் குறி விழும். மலிவான என்டிகள் படத்தில் பச்சை அல்லது பழுப்பு ஏற்றும். வடிகட்டியை மாட்டிய பிறகே வைட் பாலன்ஸ் எடுக்க வேண்டும்.

வெயிலில் திரையை நம்பாதீர்கள். அது எப்போதும் இருட்டாகத் தெரியும், நீங்களும் ஒளியைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். சீப்ராவையும், ஒளிப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தையும் நம்புங்கள். வெள்ளை வேட்டியில் மடிப்புகள் தெரியவேண்டும், 100 சீப்ரா வரக்கூடாது என்பது பொது விதி. வேட்டியையும் முகத்தையும் சேர்த்துக் காப்பாற்ற முடியாத இடம் வந்தால் நான் வேட்டியைத்தான் விட்டுக்கொடுப்பேன். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வெள்ளைச் சுவருக்கு முன்னே, கசூரினாக் கடற்கரையின் வெண்மணலில், ஓட்டோ முறை எப்போதும் முகத்தைக் கருக்கிவிடும். அங்கே மனுவல் ஒன்றுதான் வழி.

பந்தல், தறப்பாள், மரநிழல்

தறப்பாள் ஒரு பெரிய நிற வடிகட்டி. நீலத் தறப்பாளின் கீழே எல்லாம் நீலம். அடர்ந்த மாமரத்தின் கீழே எல்லாம் பச்சை. ஓட்டோ வைட் பாலன்ஸ் இதைப் பாதிதான் திருத்தும். கமராவைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் வேறுவிதமாகத் திருத்தும். சாம்பல்நிற அட்டை ஒன்றை எப்போதும் பையில் வைத்திருங்கள். அது இல்லாவிட்டால் வெற்றுத் தாள் ஒன்று. முகம் இருக்கும் இடத்தில், முகம் பார்க்கும் திசையில் அதைப் பிடித்து, திரையை நிரப்பி, கஸ்டம் வைட் பாலன்ஸ் எடுத்துவிடுங்கள்.

பக்கத்தில் நிற்பவரின் வேட்டியைக் காட்டி எடுப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். நம் வேட்டிகள் நீலம் போட்டுத் தோய்த்தவை. கமரா அந்த நீலத்தை வெள்ளை என்று எடுத்துக்கொண்டால் முகங்கள் எல்லாம் மஞ்சள்காமாலை பிடித்ததுபோல ஆகிவிடும்.

தறப்பாளுக்கு வெளியே தெரியும் வெயில் அடுத்த சிக்கல். அம்மம்மாவை எடுத்தபோது அந்தக் கதிரையை ஒரு கால்வட்டம் திருப்பியிருந்தால் போதும். பின்னணி வீட்டுச் சுவராக மாறியிருக்கும், திறந்த பக்கத்தின் ஒளி அவர் முகத்துக்கு நேரே வந்திருக்கும். பெரியவர்களை எழுப்பித் திருப்ப நமக்குக் கூச்சம். “அம்மம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி இருக்கிறீர்களா?” என்று கேட்டால் எந்தக் கிழவியும் கோபிக்கமாட்டார்.

கிடுகுப் பந்தலிலும் வேப்பமரத்தடியிலும் வெயில் காசு காசாக விழும். ஒரு காசு நெற்றியில் விழுந்தால் அந்த இடம் வெளுத்துவிடும். இரண்டடி தள்ளி இருக்கச் சொல்லுங்கள். வேறு மருந்து இல்லை. பழைய நாற்சார் வீடு ஒன்று கிடைத்தால் அதைவிட நல்ல ஸ்டூடியோ வேண்டியதில்லை. முற்றத்து ஒளி மேலிருந்து இறங்கி நாலாபக்கச் சுவரிலும் பட்டு விறாந்தைக்கு மெத்தென்று வரும். தூணின் ஓரத்தில் முகத்தை முற்றத்துக்குச் சரிவாக இருத்தி, எஃப்2.8, ஐஎஸ்ஓ 400 அளவில் தொடங்குங்கள். வைட் பாலன்ஸ் 6500 கெல்வினுக்குக் கிட்ட இருக்கும் (கெல்வின் என்பது ஒளியின் நிறத்தை அளக்கும் எண்; குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்).

மணவறை

ஒரே மண்டபத்தில் ஐந்து வகை வெளிச்சம் இருக்கும். மேலே 6500 கெல்வின் வெள்ளை எல்ஈடி, மணவறையில் 3000 கெல்வின் மஞ்சள் விளக்குகள், பின்னால் எல்ஈடி சுவர், பக்கத்தில் ஊதா நிற மேடை விளக்கு, நடுவே ஓமத் தீ. இவற்றில் முகத்தில் விழுவது எது என்று கண்டுபிடித்து அதற்கே வைட் பாலன்ஸை வையுங்கள். மற்றவை எந்த நிறமாகவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

சடங்கு தொடங்குவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே போய் மண்டபத்தின் விளக்குப் பொறுப்பாளரோடு பேசுங்கள். நான் கேட்பது இரண்டுதான். தாலி கட்டி முடியும்வரை நிற விளக்குகளை முகத்திலிருந்து திருப்பிச் சுவரில் விடவேண்டும். எல்ஈடி சுவரின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். தனி நீலமோ தனிச் சிவப்போ முகத்தில் விழுந்தால் அந்த ஒரு நிறம் மட்டும் நிரம்பி வழிந்துவிடும், கண்ணும் மூக்கும் கரைந்துபோகும். சீப்ராவும் இதைச் சரியாகக் காட்டாது. விளக்கைத் திருப்ப முடியாவிட்டால் ஒரு படி குறைத்து எடுங்கள்.

1/50 இலும் பட்டை ஊர்ந்தால் அது எல்ஈடி சுவர் அல்லது மங்கலாக்கப்பட்ட எல்ஈடி விளக்கின் வேலை. அவை மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸில் துடிப்பதில்லை, தம் சொந்த வேகத்தில் துடிக்கின்றன. ஷட்டரைத் தசம அளவில் நகர்த்தும் வசதி சில கமராக்களில் இருக்கிறது. அதைத் திறந்து, பட்டை நிற்கும்வரை மெல்ல நகர்த்துங்கள். மின்சாரம் நின்று ஜெனரேட்டர் ஓடத் தொடங்கினாலும் இதே நிலை வரலாம். சுமை கூடும்போது சிறிய ஜெனரேட்டரின் 50 ஹெர்ட்ஸ் சற்று விலகும். அப்போது முகத்துக்குப் பற்றரி விளக்கு ஒன்றை ஏற்றிவிடுவதே பாதுகாப்பு. அந்த விளக்கைக் கமராவின் தலையில் மாட்டாதீர்கள். நேரே அடிக்கும் ஒளி நெற்றி வியர்வையில் வெள்ளைப் பொட்டாக விழும், ஐயரின் கண்ணையும் கூசவைக்கும். ஆளுயரத்துக்கு மேலே, 45 பாகை பக்கவாட்டில், மெல்லிய வெள்ளைத் துணி மறைத்து வையுங்கள்.

ஐஎஸ்ஓவை ஓட்டோவில் விட்டால் என்ன நடக்கும் என்பதைத் தாலி கட்டும் நேரத்தில் ஒருமுறை கண்டேன். ஓமப்புகை எழுந்தது. படம் வெளுத்துவிட்டது என்று நினைத்துக் கமரா இருட்டாக்கியது. புகை விலகியதும் மெல்ல மெல்ல வெளிச்சமாக்கியது. அந்த வெளிச்சம் வந்து சேர்ந்தபோது மூன்றாவது முடிச்சு விழுந்துவிட்டது. அந்தக் குடும்பத்தின் முன்னால் நின்ற வெட்கம் இன்னும் போகவில்லை. ஐஎஸ்ஓ 800 முதல் 1600 வரை ஓர் எண்ணில் பூட்டிவிடுங்கள்; புகை வந்தால் புகையாகவே பதிவாகட்டும். இரட்டை அடிப்படை ஐஎஸ்ஓ உள்ள கமராக்களில் அந்த இரண்டு எண்களையும் தெரிந்து வைத்திருங்கள். சோனி ஏ7எஸ்3 இல் எஸ்-லாக்3 என்ற லாக் முறைக்கு அவை 640, 12800. இடைப்பட்ட பெரிய எண்களைவிட இரண்டாவது அடிப்படை எண்ணிலேயே இரைச்சல் (படத்தில் மொய்க்கும் புள்ளிகள்) குறைவாக இருக்கும்.

கூறை மாற்றி மணமகள் வரும்போது மீண்டும் ஒருமுறை முகத்தின் சீப்ராவைப் பாருங்கள். சரிகையின் தெறிப்பு நாடியின் கீழே ஏறி ஒளியை மாற்றியிருக்கும்.

மழைக்காலம்

ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மாரிமழை. முகம் எடுக்க இதைவிட நல்ல காலம் இல்லை. முழு வானமும் வெள்ளைத் துணி கட்டிய விளக்காக இருக்கும், கண்ணுக்குக் கீழே நிழல் விழாது. 6500 கெல்வின். வானத்தை ஃபிரேமில் குறைத்து, ஈரமான ஒழுங்கையையும் வேலியையும் பின்னணியாக்குங்கள். குளிரூட்டிய வாகனத்திலிருந்து இறங்கினால் லென்ஸில் ஆவி படியும். கமராவைப் பையோடு பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுத் திறவுங்கள்.

பொழுது சாயும்போது

பண்ணைப் பாலத்தில் நின்று களப்பின்மேல் சூரியன் இறங்குவதை எடுப்பவர்கள் வைட் பாலன்ஸை 5600 இல் பூட்டவேண்டும். ஓட்டோ அந்தப் பொன்னிறத்தைக் குற்றமென்று எண்ணிக் கழுவிவிடும். சூரியன் பின்னால் இருக்க முகம் எடுக்கவேண்டுமானால், கரிய உருவமாக விடுவதா, முகத்துக்கு ஒளி கொடுப்பதா என்று முன்பே முடிவுசெய்யுங்கள். அரைகுறையாக விட்டால் வானமும் கெடும், முகமும் கெடும். ஒரு வெள்ளை றெஜிபோம் பலகையை நெஞ்சுயரத்தில் பிடித்தால் போதுமான ஒளி முகத்துக்குத் திரும்பும்.

நம் அகலாங்கில் அந்தி குறுகியது. சூரியன் மறைந்த பின் ஏறக்குறைய 20 நிமிடம்தான் பயன்படும் வெளிச்சம் இருக்கிறது. ஒளி குறையக் குறைய முதலில் என்டியைக் கழற்றுங்கள், பிறகு அப்பேச்சரைத் திறவுங்கள், ஐஎஸ்ஓ கடைசி.

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவில் மட்டும் நான் முகவிதியை விட்டு வானத்துக்கு ஒளி அமைப்பேன். சூரியனுக்கு எதிராகப் பறக்கும் பட்டத்தின் தாள் விளக்குப்போல ஒளிரும். வானத்தை 70 க்கு மேல் ஏற்றினால் அந்த நிறம் போய்விடும். குவியத்தை மனுவலில் முடிவிலிக்கு வைத்துவிடுங்கள். நூலைப் பிடித்திருக்கும் இளைஞரின் முகத்துக்குத் திரும்பும்போது ஒளியை மீண்டும் அமைக்க வேண்டும்.

விளக்கீடு

கார்த்திகை விளக்கீட்டன்று படலையிலும் விறாந்தையிலும் சிட்டி விளக்குகள் வரிசையாக எரியும். முதலில் விறாந்தையின் மின்விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். அது எரிந்தால் தீபத்துக்கு வேலை இல்லை. எஃப்1.8 அல்லது உங்கள் லென்ஸ் திறக்கும் எல்லைவரை திறந்து, ஷட்டர் 1/50, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200. மின்விளக்கு இல்லாததால் துடிப்பு இல்லை. ஆகவே ஆள் அசையாமல் இருந்தால் 1/25 க்கும் இறங்கலாம். எண்ணெய்த் தீபத்தின் நிறம் 1900 கெல்வின் அளவில் இருக்கும். வைட் பாலன்ஸை அங்கே வைத்தால் தீபம் மின்குமிழ்போல வெளுத்துவிடும். 3200 இல் வையுங்கள். செம்மை மிஞ்சும், முகம் முகமாக இருக்கும்.

ஒளி போதாவிட்டால் ஐஎஸ்ஓவுக்குப் போகுமுன் விளக்கை முகத்துக்கு அருகே கொண்டுபோங்கள். தூரம் பாதியானால் ஒளி நான்கு மடங்கு. திரியைச் சற்றுத் தூண்டிவிட்டாலும் ஒரு படி கிடைக்கும். சுடரில் 100 சீப்ரா ஓடும். அதை விட்டுவிடுங்கள், நெருப்பில் விவரம் தேடவேண்டியதில்லை. முகம் 40 இல் நின்றால் போதும், இரவு இரவாகத்தான் இருக்க வேண்டும். குவியத்தைப் பிள்ளையின் கண்ணில் மனுவலாக வைத்து, அது ஒரு சிட்டியிலிருந்து அடுத்ததற்குத் தீயை ஏற்றக் குனியும்வரை காத்திருங்கள். காற்று வந்து சுடர் சாய்ந்தால் முகத்தில் ஒளி ஏறி இறங்கும். அப்போது எந்தப் பொத்தானிலும் கைவைக்காமல் தொடர்ந்து எடுங்கள்.